நீர் குறைந்தால் படகு உள்ளே போகாது, வெளியிலேயே நிற்கும்

அமெரிக்காவின் பவல் ஏரியில் நீர்மட்டம் இறங்கிவிட்டதால், பக்கவாட்டுப் பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் முன்பைவிட அதிக தூரம் படகிலேயே செல்லலாம் என்ற கருத்து உண்மைக்கு நேர்மாறானது.

கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு இந்த ஏரியை உருவாக்கிய க்ளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது; ஏரியின் நீர்மட்டம் 1980இல்தான் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி என்ற முழு அளவை எட்டியது. 2023இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 3,520 அடிக்கு இறங்கியபோது, சிவந்த மணற்பாறைச் சுவர்களில் படிந்திருந்த வெண்ணிறச் சுண்ணப்பட்டை படகில் இருப்போரின் தலைக்கு மேல் பதினைந்து மாடி உயரத்துக்கும் மேலாக எழுந்து நின்றது. பள்ளத்தாக்கின் தரை உள்ளே போகப்போக உயர்வதால், நீர் இறங்க இறங்கப் படகு நிற்கும் இடம் ஏரியின் பக்கமாகவே பின்வாங்குகிறது.

கூடுவது நடைதூரமே. ஏரியின் எஸ்கலாண்டே கிளையில் மூழ்கிக் கிடந்த 'கதீட்ரல் இன் த டெசர்ட்' குகையும் அருவியும் மீண்டும் வெளிப்பட்டது மெய்தான். ஆனால் நீர் மிகவும் தாழ்ந்த காலத்தில் அங்கே போக, படகைக் கட்டிவிட்டுச் சேற்றைக் கடந்து நடக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் படிந்த அந்த வண்டல், மேலே காய்ந்து வெடித்துக் கெட்டியாகத் தெரிந்தாலும், அடியில் களியாகவே இருந்து காலை முழங்கால்வரை உள்ளிழுக்கும். நீருக்குள் நிற்கும் பட்ட காட்டன்வுட் மரங்களோ படகின் சுழல்விசிறியைப் பதம் பார்த்துவிடும். படகைச் சாய்தளத்தில் இறக்குவதே சில இடங்களில் இயலாமல் போனதையும் பயணத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.