பச்சை உருண்டைகள் பித்தக்கல் அல்ல

ஆப்பிள் ஜூஸ், அப்புறம் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பித்தக்கற்கள் மலத்தில் வந்துவிடும், லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை) தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

இதைக் குடித்தால் மலத்தில் பச்சை உருண்டைகள் வருவது என்னவோ நிஜம்தான். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதம், ஒரு பெண்ணுக்கு வந்த அத்தகைய உருண்டைகளைச் சோதித்ததை விவரித்தது. பித்தக்கல்லில் இருக்கும் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் என்ற பித்தநீர் நிறமியும் இல்லை. பெரும்பகுதி கொழுப்பு அமிலம். 40 டிகிரி சூட்டிலேயே உருகின. குடித்த எண்ணெய்தான் சோப்புக்கட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது!

நிஜக் கல் நகர்ந்து பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி வரலாம். தொந்தரவே தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டாம். வலி வந்தால் பித்தப்பையையே எடுப்பார்கள். பித்தப்பை இல்லாவிட்டாலும் கல்லீரல் தொடர்ந்து பித்தநீரைச் சுரக்கும், செரிமானம் நடக்கும்.