ஓடுறதுக்கு லட்சம், நிற்கிறதுக்கு ஓசியா?

ஆளாளுக்கு அந்த ரீலை எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். நம் கார் குரூப் போன ஏலகிரி மலை இறக்கத்தில், சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றப்போன ஒரு தம்பி கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்குகிற சாம்பல் சட்டைக்காரன் நான்தான். என் காருக்குக் கம்பெனி பிரேக்கை எடுத்துவிட்டுப் பெரிய பிரேக் கிட் போட்டவனும் நான்தான். மேலே எழுதியிருந்ததையும் படித்தேன். "பிரேக்குக்கே லட்சம் செலவு பண்ணின அங்கிள், கடைசி வண்டியா வந்து காட்டுற திமிரைப் பாருங்க." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதில் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். சரி.

கடைசி வண்டியாக ஏன் வந்தேன் என்று குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். யார் வண்டியாவது வழியில் நின்றுவிட்டால் பார்த்துக்கொள்ள ஒருத்தர் பின்னால் வரவேண்டும், நான் வருகிறேன் என்று முந்தின நாளே எழுதினேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டீர்கள். அந்தக் கட்டைவிரல்கள் இப்போது எங்கே போயின என்று தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை. கருகின நாற்றம் என் வண்டிக்குள் வரைக்கும் வந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு, அதுதான் டிஸ்க், அதன் ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது. அந்தச் சூட்டில் கடையில் வாங்கின ஐஸ் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு ஒரே சீராகவா சுருங்கும்? கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடும். அப்புறம் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில் உதறும். பாட்டில் மூடியைத் திறந்தாகிவிட்டது, சாய்த்தாகிவிட்டது; அந்த நேரத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்த முடியாது. பிடுங்கினேன். இது திமிர் என்றால் அப்படியே இருக்கட்டும்.

அந்த வண்டியில் என்னென்ன செய்திருக்கிறது என்று மேலே டீக்கடையில் தம்பியே பெருமையாகச் சொன்னார். இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுகிற ரீமேப், காற்று உள்ளே போக இன்டேக், புகை வெளியே போக டவுன்பைப், ஊரை எழுப்புகிற எக்ஸாஸ்ட். எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். பிரேக்? கம்பெனி கொடுத்தது. அதில் புதிதாக இருந்தது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் மேல் ஒட்டியிருந்த சிவப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும்தான், மேலே பிரெம்போ என்று பெரிய பிரேக் கம்பெனி பெயர் எழுதினது. அது ஒரு பக்கம் இளகி, எழுத்தெல்லாம் நெளிந்து, டிஸ்க்கை உரசுகிற அளவுக்குச் சாய்ந்து நின்றது. சூடு வெளியே போகவேண்டிய இடத்தில் மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்த 14 கொண்டை ஊசி வளைவு அது. நம் தம்பி வளைவுக்கு வளைவு புகையை வாரி வழங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான், பல வருஷமாகச் சொல்லித் தொண்டை வற்றிப்போன விஷயம். ஓட வைக்கிற காசில் பாதியையாவது நிற்க வைக்கிறதுக்குச் செலவு பண்ணுங்கள். வேகம் கூடினால் பிரேக்குக்கு வருகிற வேலை அதே கணக்கில் கூடாது, வர்க்கக் கணக்கில் கூடும். 100-இல் போகிற வண்டியை நிறுத்துவதைவிட 140-இல் போகிற வண்டியை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு உண்டாகும். அந்தச் சூடு பெரும்பாலும் டிஸ்க்கிலும், அதை அழுத்திப் பிடிக்கிற பேடிலும்தான் வந்து உட்காரும். அதிலும் பெரிய பங்கு முன்பக்கத்துக்கு. பிரேக் பிடித்ததும் வண்டி மூக்கைத் தாழ்த்துகிறதே, எடை முன்னால் சாய்கிறது. ஏறக்குறைய 70 சதவீத வேலையை முன் பிரேக்தான் பார்க்கிறது. அதனால்தான் மாற்றுகிறவர்கள் முதலில் முன்பக்கத்தில் கைவைக்கிறார்கள். பந்தாவுக்கு இல்லை.

"ஏபிஎஸ் இருக்கு, ஸ்டாக் பிரேக்கே வீலை லாக் பண்ணும், அப்புறம் எதுக்குப் பெரிய பிரேக்?" சக்கரம் சுற்றாமல் இறுகி வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ், ஸ்டாக் என்றால் கம்பெனி கொடுத்தது. இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நல்ல கேள்வி. ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் மிதித்து நிறுத்துவதற்குப் பெரிய டிஸ்க் பெரிதாக உதவாது. அங்கே டயரின் பிடிப்புதான் எல்லை. பெரிய டிஸ்க் உதவுவது பத்தாவது தடவைக்கு. ஏலகிரி இறக்கத்தில் நீங்கள் எத்தனை தடவை மிதிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ரவுண்டுக்கு ரவுண்டு அதே இடத்தில் அதே வேகத்திலிருந்து அமுக்கவேண்டும். என் ஆக்டேவியா ஆர்எஸ் 230 குதிரைத்திறன் வண்டி, கனமும் கொஞ்சநஞ்சம் இல்லை. பிரேக்கை மாற்றுவதற்கு முன்னால் சில ரவுண்டு போனதுமே பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அது பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது. இன்னொரு வகை இதைவிட மோசம்: பெடல் பஞ்சாகி அடிவரைக்கும் போய்விடும். பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் மிதிப்பது அந்த ஆவியை அமுக்கத்தான் சரியாக இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்கிற தரத்து ஆயில் என்றால் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஒரு டப்பா என்ன விலை? நம் ஆட்கள் ஆம்பூரில் இறங்கி ஒரு வேளை பிரியாணிக்குக் கொடுக்கிற காசைவிட அதிகம் இருக்காது. அந்தத் தம்பியின் வண்டியில் பிரேக் ஆயில் இருக்கிற டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தேன். கடுங்காப்பி நிறம். லட்ச ரூபாய்க்கு மேல் வண்டியில் கொட்டினவர் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார் என்று கேட்டால், "அதை மாத்தணுமா அங்கிள்?" என்கிறார்.

என் அப்பா ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு லாரியில் தோல் லோடு அடித்தவர். அவருக்கு டாட்டும் தெரியாது, டிகிரியும் தெரியாது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, இது ஒன்றுதான் அவர் பாடம். நிறுத்தம் வந்தால் முதலில் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். சக்கரத்து பிரேக் டிரம் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பிடிப்பார், தொடமாட்டார். எந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது என்று அதிலேயே சொல்லிவிடுவார். நான் சின்னப் பையனாக ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தது.

உடனே ஒருத்தர் கேட்பார்: "உங்கப்பா ஸ்டாக் பிரேக்லதானே காலம் முழுக்க ஓட்டினார்?" ஆமாம் ஐயா. அவர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினதில்லை. லாரிக்கு ரீமேப் போட்டதில்லை. இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரை டியில் போட்டுவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினதும் இல்லை.

அடுத்து, சட்டம் பேசுகிறவர்கள். கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, அதையொட்டின 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் நானும் படித்தவன்தான். சரி, பேசலாம். ஆனால் உங்கள் எக்ஸாஸ்ட் சத்தம் காட்பாடி பாலத்தில் கேட்கும்போது இந்த 52-ஆம் பிரிவு எங்கே தூங்குகிறது? நிறுத்துகிறதுக்கு ஒருத்தன் செலவு பண்ணும்போது மட்டும் எல்லோருக்கும் சட்டப் புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது.

கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. கிட் வாங்குவதற்கு முன்னால் காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்க்கவேண்டும். முன்பக்கம் பிஸ்டன் அளவுக்கு மீறிப் பெரிதாகப் போனால் பின் பிரேக் சும்மா உட்கார்ந்திருக்கும், அந்தக் கணக்கும் பார்க்கவேண்டும். புது பேடைப் பழக்க, விடியற்காலையில் பள்ளிகொண்டா பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது 80-இலிருந்து 20-க்குத் திரும்பத் திரும்பக் குறைக்கவேண்டும், முழுசாக நிறுத்தாமல். இவ்வளவும் பண்ணின பிறகு வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் குளிர்ந்த பேட் கீச்சென்று கத்தும். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "சார், லைனிங் தேஞ்சு போச்சு, மாத்திடுங்க" என்பார். அவர் அக்கறையாகச் சொல்கிறார், எனக்குக் கோபம் வந்ததில்லை.

கோபம் வருவது உங்கள் மேல்தான். சத்துவாச்சாரியில் லாரி டிரைவர் மகன் செகண்ட் ஹேண்டில் ஆர்எஸ் வாங்கினதே சில பேருக்கு உறுத்தல், அது எனக்குத் தெரியாமல் இல்லை. எக்ஸாஸ்ட் போட்டிருந்தால் வந்து தட்டிக்கொடுத்திருப்பீர்கள். பிரேக் போட்டதால் பயந்தாங்கொள்ளி, அங்கிள், திமிர் பிடித்தவன். அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டவைத்து, சூடு தணியும்வரை வெயிலில் கூட நின்றது யார்? மலையடிவாரப் பொன்னேரி வரைக்கும் முதல் கியரில் இறக்கிக் கொண்டுவந்து விட்டது யார்? ரீலில் அது இல்லை. ரீல் பாட்டிலோடு முடிந்துவிடுகிறது.

பின்னால் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பியின் தங்கை வளைவுக்கு வளைவு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். அதுவும் ரீலில் இல்லை.

இன்பாக்ஸில் "கிட் என்ன விலை ப்ரோ" என்று கேட்கிறவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். அப்புறம் பிரேக் ஆயிலை மாற்றி, குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றி, நல்ல பேட் போடுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும், கிட் தேவைப்படாது. அதற்கு மேல் வேண்டும் என்றால் கேளுங்கள், சொல்கிறேன். அடுத்த மாதம் ஜவ்வாதுமலை போவதாகக் குரூப்பில் பேச்சு அடிபடுகிறது. கடைசி வண்டிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.