தில்லி என் ஊர் இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை நான் இட்ட நான்கு வரிப் பதிவின் கீழ் நடந்ததை இங்கிருக்கும் பலரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. நடிகையும் சமையல் நூலாசிரியருமான மதுர் ஜாஃப்ரியின் ‘கிளைம்பிங் த மேங்கோ ட்ரீஸ்’ நினைவுநூல் என் ஊரைப் பற்றியது, ரசித்துப் படித்தேன் என்றுதான் எழுதியிருந்தேன். தில்லி எப்போது உங்கள் ஊராயிற்று, உங்கள் வீட்டுக்கு நம் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகம் போதாதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன்.

நான் பிறந்து வளர்ந்த ஊரை ஒருவர் சாப்பாட்டின் வழியாக எழுதியிருக்கிறார், படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான். குளிர்காலக் காலையில் வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி தலையில் தட்டைச் சுமந்து வந்து, மண் கிண்ணங்களில் பால்நுரையைக் கொடுத்துவிட்டுப் போகும் இடம் அதில் வருகிறது. தௌலத் கி சாட் என்ற அந்தப் பண்டம் குளிர் மாதங்களில் மட்டும் கிடைக்கும். நாக்கு உணர்வதற்குள் கரைந்துவிடும். ஒன்பது வயதில் கினாரி பஜாரில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அதை முதன்முதலாகச் சாப்பிட்டபோது, “வெறும் காற்றுக்கா இந்தக் காசு?” என்று கடிந்துகொண்ட அப்பா, சற்று நின்று, தனக்கும் ஒரு தொன்னை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தால் அது யாருக்கு இடைஞ்சல்?

பணக்கார வீட்டுக் கதைக்கு உருகுகிறாய் என்கிறார்கள். பணக்கார வீடுதான். யமுனைக் கரையில் தாத்தாவின் பழத்தோட்டம் ஜாஃப்ரி வீட்டாருக்கு. கரோல் பாகில் ஒன்றரை அறை எங்களுக்கு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் மரத்தில் உட்கார்ந்து மாங்காய்க்குத் தொட்டுக்கொண்ட அதே உப்பு, மிளகாய்த்தூள், வறுத்த சீரகத்தைத்தான் நாங்கள் மொட்டை மாடியில் தொட்டுக்கொண்டோம். எங்களுக்கு மரம் இல்லை, மாங்காய் வண்டிக்காரர் இருந்தார்.

வெள்ளைக்காரர்களுக்காக எழுதிய புத்தகம் என்றும் சொல்கிறார்கள்; அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நமக்குத் தெரிந்ததையும் அவர் விளக்கிக்கொண்டே போகிறார். நடிப்புப் படிக்க லண்டன் போன பிறகு, அம்மா எழுதிய கடிதங்களைப் பார்த்துச் சமையல் கற்றவர் அவர்; பள்ளியில் சமையல் தேர்வில் தோற்றதையும் அவரே சொல்கிறார். ஆனால் ஒன்றாக உட்கார்ந்து டிபனைப் பங்கிட்ட இந்து, முஸ்லிம் மாணவிகள் 1947 நெருங்க நெருங்க விலகிப்போவதையும், பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்களோடு தந்தூரி உணவு தில்லிக்கு வந்ததையும் எழுதியிருக்கிறாரே, அதை எந்த வெள்ளைக்காரரை மகிழ்விக்க எழுதினார்? அப்படி வந்தவர்களிடம் தில்லி உங்கள் ஊரா என்று எந்தப் பெரியவரும் இன்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான்.

கோடை விடுமுறையில் கும்பகோணம் போனால், இரவில் சப்பாத்தி கேட்டதற்காக என்னைத் ‘தில்லிக்காரி’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டவன் இதே சித்தப்பா மகன். அன்று நான் அழுதேன். அதே தில்லி என் ஊர் இல்லை என்று ஒருவர் சொன்னால் இன்று அவனுக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டில் ஒன்றையாவது அவன் முடிவு செய்யட்டும்.

‘சமைத்துப் பார்’ எங்கள் வீட்டில் மஞ்சள் கறையோடு பத்திரமாக இருக்கிறது, ஐயா; ஜாஃப்ரிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஜனவரியில் இட்லி மாவு புளிக்காதபோது பாத்திரத்தை அப்பாவின் ரஜாயில், அதாவது பஞ்சு வைத்த கனத்த போர்வையில், சுற்றி வைக்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல, இந்த ஊரின் குளிர். மாவு நன்றாகப் பொங்கும். அப்பாதான் ஸ்வெட்டரோடு சுருண்டு படுத்திருப்பார்.

சித்தப்பா மகன் ஜனவரியில் ஏதோ நேர்காணலுக்கு வருகிறானாம், எங்கள் வீட்டில்தான் தங்கப் போகிறான். மாவுக்குப் போக ரஜாய் மிஞ்சினால் அவனுக்குக் கொடுக்கிறேன்.