வெள்ளி ஃப்ளூட்டில் பாஹ் வாசிக்கலாம், ஆனால்…

பரோக் இசையை, அதாவது பாஹ் போன்றவர்கள் எழுதிய 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை, அந்தக் காலத்து மரக் குழலில்தான் வாசிக்க வேண்டும், வெள்ளி ஃப்ளூட்டில் வாசித்தால் தெய்வக் குற்றம் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே சமயம், பாஹ் இன்று இருந்தால் நவீனக் குழலைத்தான் எடுத்திருப்பார் என்று எதிர்த்தரப்பு அடித்துவிடுவதும் வெத்துவேட்டுதான்.

1747இல் பிரஷ்யாவின் ஃபிரெடரிக் மன்னருக்காக பாஹ் எழுதிய 'இசைக் காணிக்கை'யில் வரும் ட்ரியோ சொனாட்டாவை (ஃப்ளூட், வயலின், பக்கத்துணை சேர்ந்து வாசிப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். சி மைனர் என்ற ஸ்வர வரிசையில் அமைந்தது. மன்னரே ஃப்ளூட் வாசிப்பவர். அன்றைய குழலில் ஆறு துளை, பெரும்பாலும் ஒரே ஒரு கீ, அதாவது துளையைத் திறந்து மூடும் நெம்புகோல் (மன்னரின் குரு குவான்ட்ஸ் இரண்டாவது கீ ஒன்றைச் சேர்த்திருந்தார், அது தனிக் கதை). டி மேஜர் வரிசை என்றால் அந்தக் குழல் கணீரென்று பாடும். இந்த சொனாட்டாவில் வரும் ஏ ஃப்ளாட் ஸ்வரத்துக்கோ, ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழே இருப்பவற்றை மூட வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவதுபோல் ஒலி மங்கிப்போகும். மூன்றாவது பகுதியில் இரண்டிரண்டு ஸ்வரமாகப் பெருமூச்சு விட்டு இறங்குமே, அதன் அழகில் பாதி இந்த மங்கலில்தான் இருக்கிறது என்பேன்.

நூறு வருஷம் கழித்து, 1847இல், ஜெர்மானியக் குழல் தயாரிப்பாளர் தியோபால்ட் பேம் உலோகக் குழலில் பெரிய துளைகளைப் போட்டு எல்லா ஸ்வரத்தையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய சாதனைதான். ஆனால் இப்போது அந்த ஏ ஃப்ளாட்டை உதட்டாலும் மூச்சாலும் நாமேதான் மெலிய வைக்க வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்? முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை விப்ராட்டோவை, அதாவது ஸ்வரத்தின் அதிர்வு அசைவை, பூசி மெழுகிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்தில் அது எப்போதாவது போடும் அலங்காரம், அதுவும் துளையின் ஓரத்தில் விரலை ஆட்டி வரவழைப்பது.

அப்புறம், பாஹ் தனி ஃப்ளூட்டுக்கு எழுதிய ஏ மைனர் பார்ட்டிட்டாவின் (நடன வடிவப் பகுதிகளின் தொகுப்பு) முதல் பகுதியான அலமாண்ட். மூச்சுவிட இடமே வைக்காமல் வேகமான பதினாறாம் பங்கு ஸ்வரங்களாகக் கொட்டியிருக்கிறார் பாஹ். நவீனக் குழலோ காற்றை இன்னும் அதிகமாகக் கேட்கும். அதனால் சிலர் மூக்கால் இழுத்துக்கொண்டே நிறுத்தாமல் ஊதிக் காட்டுகிறார்கள். வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் வாக்கியம் எங்கே முடிகிறது என்றே கேட்பவருக்குத் தெரியாமல் போகிறது. அழுத்தமான ஸ்வரத்தில் துளி நின்று, மூச்சை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனால் என்ன கெட்டுவிடும்? கடைசியில் அந்த உச்சி ஏ ஸ்வரம் வரும். பழைய குழலில் அங்கே ஏறுவதே பாடு. வெள்ளிக் குழலில் சுலபமாக வருகிறது என்பதற்காக அதை விசில் மாதிரி அடிக்காதீர்கள் ஐயா.