மாத்திரைக்குப் பதிலா, மாத்திரையோடா?
தலையில் மின்முனை வைத்து மூளைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையைப் பற்றிய கட்டுரை ஒன்றில், ‘இந்த மின்தூண்டல் வந்தால் மனச்சிதைவுக்கு மாத்திரையே வேண்டாம்’ என்று வரும் வரிதான் இடிக்கிறது. 2012-இல் பிரான்சின் லியோனில் 30 பேரிடம் நடந்த ஆய்வில், நோயாளியின் காதில் மட்டும் கேட்கும், மருந்துக்கு அடங்காத குரல்கள் குறைந்தது உண்மை: 2 மில்லியாம்பியர், 20 நிமிடம், தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். ஆனால் மாத்திரையும் கூடவே தொடர்ந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்தப் பலனும் கிடைக்கவில்லை. என் சித்தப்பாவுக்கு இதைச் செய்தபோது ஷாக் வைக்கிறார்கள் என்று பாட்டி அழுதுவிட்டார். சித்தப்பாவுக்கோ எறும்பு ஊர்வது போலத்தான் இருந்ததாம். குரல்கள் அடங்கின. சரி, குணமாகிவிட்டது என்று அவராகவே மாத்திரையை நிறுத்தினார். இரண்டே மாதம், பழையபடி சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.