‘ஐ.நா.விலேயே இல்லையே’ என்று சிரிப்பவர்களுக்கு

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். “ஐ.நா.விலேயே இல்லாத தைவானுக்கு உலக சுகாதார நிறுவனத்தில் என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு அந்த நிபுணர் ஒரு சிரிப்புச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

ஐயா, அந்த நிறுவனத்துக்குத் தனி சாசனம் இருக்கிறது. 4-ஆம் பிரிவின்படி ஐ.நா. உறுப்பு நாடு சாசனத்தை ஏற்றாலே போதும், உறுப்பினர். ஐ.நா.வில் இல்லாத நாடு 6-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் கூடும் சுகாதாரப் பேரவையில் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் தீர்ந்தது. பாதுகாப்பு அவையின் பரிந்துரை வேண்டாம், வீட்டோவும் கிடையாது. நியூசிலாந்தோடு இணைந்து தன்னாட்சி நடத்தும் பசிபிக் தீவுகளான குக் தீவுகள் 1984-இலும் நியுவே 1994-இலும் சேர்ந்தன. இரண்டும் ஐ.நா. உறுப்பினர்கள் அல்ல. நியுவேயில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. தைவானில் 2.3 கோடிப் பேர்.

“அவற்றுக்கு நியூசிலாந்து தடை சொல்லவில்லையே” என்பீர்கள். சரிதான். அப்படியானால் தடுப்பது சட்டம் அல்ல, தடை சொல்லும் சீனா என்று ஒப்புக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தைக் காட்டி ஏன் மிரட்டுகிறீர்கள்?

அடுத்து, தடைக்குக் காரணமாகக் காட்டப்படும் ஐ.நா. பொதுச்சபையின் 2758-ஆம் தீர்மானம். 1971 அக்டோபர் 25, ஆதரவு 76, எதிர்ப்பு 35. தயவுசெய்து ஒருமுறை படியுங்கள், ஒரு பக்கம்கூட வராது. சீனாவின் இருக்கை பெய்ஜிங்கின் மக்கள் சீனக் குடியரசுக்கு, அப்போது தைவானை ஆண்ட சியாங் கை-ஷேக்கின் பிரதிநிதிகள் வெளியே. அவ்வளவுதான். ‘தைவான்’ என்ற சொல்லே அதில் இல்லை. அதுதான் தடை என்றால், 2009 முதல் 2016 வரை எட்டுப் பேரவைகளில் ‘சீன தைபே’ என்ற பெயரில் தைவான் பார்வையாளராக உட்கார்ந்தது எப்படி? அப்போது 2758 விடுமுறையில் போயிருந்ததா? 2016 மே மாதம், சீனாவுக்கு வளைந்துகொடுக்காத சாய் இங்-வென் தைவான் அதிபரானார். 2017 முதல் தலைமை இயக்குநரின் அழைப்புக் கடிதம் வரவில்லை. இடையில் சாசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தைவானை அழைக்கச் சொல்லி நட்பு நாடுகள் கோரிக்கை வைத்தாலும் அது பேரவையின் நிகழ்ச்சி நிரலிலேயே ஏறுவதில்லை. ஆதரவாக இருவர், எதிர்த்து இருவர் பேசுவார்கள். பிறகு ‘சேர்க்க வேண்டாம்’ என்று முடித்துவிடுவார்கள். தைவானின் பங்கேற்பு பற்றிய பேச்சில் தைவானுக்கு மட்டும் மைக் கிடையாது.

வாக்கெடுப்பு நடந்தால் ஜெயிக்குமா? ஜெயிக்காது. நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தபோதே 1997-இல் எதிர்ப்பு 128, ஆதரவு 19; 2004-இல் எதிர்ப்பு 133, ஆதரவு 25. பசிபிக் தீவு நாடான நவ்ரு 2024 ஜனவரியில் கைகழுவிய பிறகு தைவானோடு தூதரக உறவு வைத்திருந்தவை பன்னிரண்டு. அதிலும் வத்திக்கானுக்கு ஓட்டு இல்லை. எண்ணிக்கை எனக்கும் தெரியும். தோற்பவன் கேட்கவே கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

“பெயரில் என்ன இருக்கிறது, கிடைத்த பெயரில் போகட்டுமே” என்று ஒரு தத்துவம் வேறு. போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்! ஒலிம்பிக்கில் ‘சீன தைபே’. ஆசிய வளர்ச்சி வங்கியில் 1966-இலேயே நிறுவன உறுப்பினர். 1986-இல் சீனா சேர்ந்ததும் ‘தைபே, சீனா’ ஆக்கப்பட்டார்கள். உலக வணிக அமைப்பில் 2002 முதல் ‘தைவான், பெங்கு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பகுதி’. இதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகும் பிடிவாதக்காரர் அவர்கள்தானாம்.

2003-இல் பரவிய சார்ஸ் தொற்று நினைவிருக்கிறதா? தைவானில் முதல் நோயாளி மார்ச் 14 அன்று தெரியவந்தார். ஏப்ரல் 24 அன்று தைபேயின் ஹோப்பிங் மருத்துவமனையை நோயாளிகள், செவிலியர், மருத்துவர் என ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இருவர் வந்து இறங்கியது மே 3-இல். ஏழு வாரம். பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களிடம் போய் 2758-ஐ விளக்குவீர்களா, நிபுணரே?

“எங்கோ இருக்கும் தைவானுக்கு நீ ஏன் கொதிக்கிறாய்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கிருமி அப்படிக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் அந்தச் சிரிப்புக்காகவே சொல்கிறேன். ஜெனீவாப் பேரவையைப் பற்றிச் செய்தி எழுத விண்ணப்பித்த தைவான் செய்தியாளர்களுக்கே அனுமதி அட்டை மறுத்திருக்கிறார்கள். காரணம், கையில் இருந்தது தைவான் பாஸ்போர்ட்.