கட் ஆனவனுக்கு என்ன சம்பளம்?

அமெரிக்காவின் பெரிய கால்ஃப் தொடர் பிஜிஏ டூர். அதற்கு ஒரு படி கீழே இருப்பது கார்ன் ஃபெர்ரி டூர். அதன் சீசன் முடிந்ததும் எல்லாரும் பேசுவது பிஜிஏ டூர் கார்டு (அங்கே ஆடும் உரிமை) வாங்கி மேலே போகிறவர்களைப் பற்றித்தான். 2024 வரை 30 பேருக்குக் கிடைத்த கார்டு, 2025 முதல் 20 பேருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. நான் எழுத வந்தது மிச்சமுள்ளவர்களைப் பற்றி, குறிப்பாகப் போட்டியின் பாதியிலேயே கழித்துவிடப்படுகிற, அதாவது கட் ஆகிற ஆட்டக்காரர்களைப் பற்றி.

மூணாறுக்காரனுக்கும் கால்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் துரைமார் காலத்தது. அங்கே ஆட்டக்காரர்களின் பை தூக்கியவர்கள் (கேடிகள்) நம் லயத்து ஆட்கள், தோட்டக் குடியிருப்புக்காரர்கள், என் தாய்மாமாவும் அதில் ஒருவர். எங்கள் வீட்டில் பேர்டி, போகி எல்லாம் சாதாரணமாகப் புழங்கிய சொற்கள்.

கார்ன் ஃபெர்ரி டூரின் ஒரு சீசன் எப்படிப் போகும் என்று பாருங்கள். ஜனவரியில் பஹாமாஸ். வழக்கமான வியாழன் முதல் ஞாயிறு வரை இல்லாமல், முதல் போட்டியே ஞாயிற்றுக்கிழமை தொடங்கி புதன்கிழமை முடியும், விசித்திரமான கணக்கு. 2017இல் அங்கே அடித்த காற்றில் நல்ல நல்ல ஆட்டக்காரர்களே ஒரு சுற்றுக்கு 80 அடிகளைத் தாண்டினார்கள் (கால்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது). பிறகு பனாமா, கொலம்பியா. போகட்டா நகரம் கிட்டத்தட்ட 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிதாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். கீழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் மாமா, "ஆறு வேணாம் சார், ஏழு எடுங்க" என்பார் (மட்டையின் எண் கூடினால் பந்து போகும் தூரம் குறையும்). அதே கணக்குதான், போகட்டாவில் இன்னும் பெரிதாக. அப்புறம் அமெரிக்காவுக்குள் ஊர் ஊராக அலைந்து அக்டோபரில் முடிகிறது.

விமான டிக்கெட், அறை, சாப்பாடு, கேடி கூலி எல்லாம் ஆட்டக்காரன் கைக்காசு. பெரும்பாலான போட்டிகளில் 156 பேர் இறங்குகிறார்கள். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் முதல் 65 இடம், அதே ஸ்கோரில் நிற்பவர்கள், இவ்வளவு பேருக்குத்தான் சனி, ஞாயிறு ஆட்டம். இதுதான் கட். மற்றவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. பரிசுத்தொகை 10 லட்சம் டாலர் என்றால் ஜெயித்தவருக்கு 18 சதவீதம், அதாவது 1,80,000 டாலர். கடைசியாகக் கட் தாண்டியவருக்குச் சில ஆயிரம். அது கேடிக்கும் ஹோட்டலுக்கும் போய்விடும்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும். அடிச் சம்பளம் உண்டு, அதற்கு ஒரு கிலோ கணக்கு உண்டு, அதற்கு மேல் பறித்தால் ஊக்கத்தொகை. 2015இல் மூணாறுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததற்காக. அடிச் சம்பளமே இல்லாமல் கிலோ கணக்கு மட்டும்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், மேலே இருப்பவர்களுக்கு இந்த அடிச் சம்பளம் இருக்கிறது. 2023 முதல் பிஜிஏ டூர் தன் முழுத் தகுதி பெற்ற உறுப்பினர்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் டாலர் வருமானத்துக்கு உத்தரவாதம் தருகிறது. கீழிருந்து புதிதாக ஏறி வருபவர் அதை முன்பணமாகவே வாங்கலாம். சரி, நல்லது. ஆனால் போன மாதம் வரை கார்ன் ஃபெர்ரியில் அதே ஆள் அறை வாடகைக்கு அல்லாடிக்கொண்டிருந்தபோது அந்த உத்தரவாதம் எங்கே போனது?

"பணக்காரன் விளையாட்டுக்கு நீ ஏண்டா வரிஞ்சு கட்டுற?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்கு இது பிரச்சினையே இல்லை, அப்பா காசில் மூன்று சீசன் தாங்குவார்கள். பாதியில் திரும்பிப் போவது மற்றவர்கள்தான். 1991இல் இந்தியன் ஓபன் ஜெயித்த அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் ஜெயித்த முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். அர்ஜுன் அத்வாலையும் பாருங்கள். 2008இல் இதே டூரில் (அப்போது நேஷன்வைட் என்று பெயர்) ஜெயித்தார். பிறகு காயம்பட்டு கார்டை இழந்தார். 2010இல் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் விளையாடி உள்ளே வந்து வின்டம் சாம்பியன்ஷிப்பையே அடித்தார், பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர். அந்த இடைக்காலத்தைத் தாண்டக் காசு இல்லாத ஆளின் பெயர் நமக்குத் தெரியவே வராது.

கட் முறையையே எடுத்துவிடச் சொல்லவில்லை. கட் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உயிர் இருக்காது. கட் ஆனவருக்குத் தரவரிசைப் புள்ளி கொடுக்க வேண்டாம், செலவுக்குக் கொடுங்கள் என்கிறேன். கட் ஆகும் 90 பேருக்கு ஆளுக்கு 1,000 டாலர் என்றால் 90,000. வெற்றியாளர் பரிசில் சரிபாதி. அதைத் தொட வேண்டாம் என்றால் மேலே உள்ள டூரே தரட்டும், அவர்களுக்கு ஆள் உருவாக்கிக் கொடுக்கும் இடம்தானே இது.

நம் ஊரில் தொழில்முறை கால்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிடிஐ 2024இல் நெக்ஸ்ஜென் என்று ஒரு கீழ்நிலை டூரைத் தொடங்கியிருக்கிறது. இப்போதுதான் தொடங்கியது என்பதால் இந்தக் கேள்வியை அவர்களிடம் இப்போதே கேட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை பெட்டி கட்டுகிறவனுக்கு ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் கொடுங்கள். அதில் கேடிக்கு எவ்வளவு பங்கு என்று வேறொரு பதிவில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.